ஒரு கிலோ பெட்ரோல் எத்தனை கேலன்?

முதல்லயே டிஸ்கி போட்டுடறேன். இது எஞ்சின், பெட்ரோல், கணக்குன்னு போற பதிவு. கொஞ்சம் மொக்கையா இருந்தாலும் கடைசி வரைக்கும் வாங்க. இன்னொண்ணு, 'காலன்'னு எழுதினா எருமை மேல பாசக்கயிறோட வர்றவர்தான் ஞாபகத்துக்கு வர்றார். அதனால இங்கே கேலன்.

விஷயத்துக்கு வர்றேன். போன டேர்ம்ல நான் 3 சதவீத பெட்ரோலை மிச்சம் பிடிச்சேன். எஞ்சின்ல இல்லீங்க, எக்செல்ல!

இங்கிலாந்தில் எம்.எஸ்ஸி. ப்ராஜெக்ட். எங்க லேப்ல இருக்கிறது கோரியாலிஸ் மீட்டர். பெட்ரோல் ஓடுற குழாயை அதிர வைத்து, ஓட்டத்தால் அது எவ்வளவு முறுக்குதுன்னு பார்த்து, மணிக்கு இத்தனை கிலோ என்று நிறையை நேரடியாகச் சொல்லிவிடும். எனக்கு முன்னாடி அதே எஞ்சினில் வேலை பார்த்த மாணவரோ, எல்லாத்தையும் மணிக்கு இத்தனை இம்பீரியல் கேலன் என்று எழுதி வைத்திருந்தார். இந்த ஊரில் பெட்ரோலை விற்பது லிட்டரில், மைலேஜ் பேசுவது கேலனுக்கு இத்தனை மைல் என்று. அதனால் கேலனை யாரும் விடுவதாக இல்லை.

ஒப்பிடணும்னா என் கிலோவை கேலன் ஆக்கணும். கணக்கு சுலபம். கிலோவை அடர்த்தியால் வகுத்தால் லிட்டர். லிட்டரை 4.54609 ஆல் வகுத்தால் இம்பீரியல் கேலன். என் அளவு மணிக்கு 12 கிலோ. அடர்த்தி? எங்கேயோ பார்த்த லிட்டருக்கு 0.76 கிலோவைப் போட்டேன். 3.47 கேலன் வந்தது. அவருடையது 3.58. ஆஹா, 3 சதவீதம் மிச்சம்! கலர் கலரா கிராஃப் போட்டு முடிவுரையே எழுதியாச்சு.

எங்க லேப் டெக்னீஷியன், ரிடையர் ஆகப் போற வயசு, அதைப் பார்த்துட்டு ஒரே கேள்விதான் கேட்டார். "இது எந்த பெட்ரோலோட அடர்த்தி?" நான் முழிச்சேன். அவரே டேங்கிலிருந்து கொஞ்சம் பிடித்து ஹைட்ரோமீட்டரை மிதக்க விட்டார். 0.738. திரும்பக் கணக்குப் போட்டா 3.58 கேலன். என் 3 சதவீதம் ஆவியாப் போச்சு. பெட்ரோல்தானே :-)

சோகம் அதோட முடியலை. பழைய ரிப்போர்ட்டில் அவர் பெட்ரோலோட அடர்த்தியும் இல்லை, வெப்பநிலையும் இல்லை. ஆக, ரெண்டும் சமம்னு கூட என்னால சொல்ல முடியாது. ஒரு அத்தியாயத்தையே தூக்கிப் போட்டுட்டு, பழைய செட்டிங்கில் எஞ்சினை மறுபடி ஓட்டி ரெண்டு வாரம் ஆணி புடுங்கினேன்.

இதிலிருந்து நான் சொல்ல வர்றது இதுதான். கிலோவிலிருந்து கேலனுக்குப் போவதை 'அலகு மாற்றம்'னு சொல்றதே தப்பு. அங்குலத்தை சென்டிமீட்டர் ஆக்குவது அலகு மாற்றம், அது எந்தப் பொருளுக்கும் ஒண்ணுதான். கிலோவுக்கும் கேலனுக்கும் நடுவில் ஒரு பொருள் உட்கார்ந்திருக்கு. நம்ம ஊர்ல ஒரு படி அரிசியும் ஒரு படி பொரியும் ஒரே எடையா இருக்கும்னு யாராவது சொல்வோமா? பெட்ரோல் விஷயத்தில் மட்டும் அதை மறந்துடறோம்.

பெட்ரோலும் ஒரே பொருள் இல்லை. இ.என். 228 என்ற ஐரோப்பியத் தரம், 15 டிகிரி செல்சியஸில் லிட்டருக்கு 0.720 முதல் 0.775 கிலோ வரை அனுமதிக்குது. என் 12 கிலோ ஒரு கோடியில் 3.67 கேலன், மறு கோடியில் 3.41. ஏழரை சதவீத வித்தியாசம்! (ஏழரைன்னு சும்மாவா சொன்னாங்க.) இது போக, ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் பெட்ரோல் சுமார் 0.1 சதவீதம் விரியும். இந்த லட்சணத்தில் 4.54609ன்னு அஞ்சு தசம ஸ்தானம் போட்டு பெருமைப்பட்டுக்கறோம்.

அமெரிக்க கேலன் (3.785 லிட்டர்) குழப்பத்தைப் பத்தி எல்லாரும் எச்சரிக்கிறாங்க. அதில் 20 சதவீதம் தப்பு வரும், உடனே கண்ணில் படும். அடர்த்தித் தப்பு அப்படி இல்லை. 3 சதவீதம் தப்பினா அது தப்பு மாதிரியே தெரியாது, கண்டுபிடிப்பு மாதிரி தெரியும். எனக்கு அதுதான் பயம்.

லேப்ல போனது ரெண்டு வாரம். வானத்தில் நடந்தால்? 1983 ஜூலை 23, ஏர் கனடா போயிங் 767. தேவை 22,300 கிலோ எரிபொருள். லிட்டரைக் கிலோவாக்க சுமார் 0.8 போடவேண்டிய இடத்தில், லிட்டருக்கு இத்தனை பவுண்டு என்ற 1.77ஐப் போட்டார்கள். விமானத்தில் இருந்தது 22,300 பவுண்டு, அதாவது பாதிக்கும் குறைவு. நடுவானில் ரெண்டு எஞ்சினும் அணைந்து, கிம்லி என்ற இடத்தில் பழைய விமானப்படைத் தளத்தில் மிதந்து வந்து இறங்கியது. நல்லவேளை, யாரும் சாகவில்லை. அங்கேயும் கோளாறு அடர்த்தி எண்ணில்தான்.

"படிக்கிறவங்களுக்கு கேலன்தான் புரியும்"னு சொல்வாங்க. சரி, கேலனிலும் கொடுங்க. ஆனா எஞ்சினுக்கு கேலன் தெரியாது. சுமார் 14.7 கிலோ காற்றுக்கு 1 கிலோ பெட்ரோல், இதுதான் அதுக்குத் தெரிஞ்ச கணக்கு. அதனால அளந்த கிலோ, அடர்த்தி, வெப்பநிலை மூணையும் பக்கத்திலேயே எழுதுங்க. அடுத்து வர்றவர் சரி பார்க்க வேறு வழியில்லை.

வேடிக்கை என்னன்னா, 1824ல் இம்பீரியல் கேலனுக்கு சட்டம் போட்டவங்களே இப்படித்தான் செஞ்சாங்க. 62 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 10 பவுண்டு தண்ணீர் அடைக்கும் இடம் ஒரு கேலன். என்ன பொருள், எவ்வளவு எடை, எத்தனை டிகிரி, எல்லாம் இருக்கு. 200 வருஷம் முன்னாடி அவங்களுக்குத் தோணினது எனக்குத் தோணலை.

உங்க லேப் எக்செல்லிலும் ஏதாவது ஒரு செல்லில் 0.75 இருக்கும். அதை யார், எந்த பெட்ரோலுக்குப் போட்டாங்கன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க.

பி.கு: ரெண்டு வாரம் ஓட்டினதில் உண்மையான மிச்சம் எவ்வளவுன்னு கேட்கிறீங்களா? 0.4 சதவீதம். சின்னதுதான், ஆனா எஞ்சின்ல வந்தது.