படிவத்திலும் தமிழ் வேண்டும்!

பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் பெற்றோர் இன்று இணையப் படிவத்தை நிரப்பியாக வேண்டும். தமிழ்நாட்டுத் தனியார் பள்ளிகள் பலவற்றில் அப்படிவம் முற்றும் ஆங்கிலம்! தமிழ் மட்டுமே அறிந்த தாய் பிறர் கையை எதிர்பார்த்து நிற்கின்றாள். தான் படித்தறியாத உறுதிமொழிக்கு இசைவளிக்கின்றாள். படிவமோ குடும்பப் பெயரைக் கேட்கின்றது. தமிழருட் பெரும்பாலோர்க்குத் தலைப்பெழுத்தும் பெயருமே உண்டு. கட்டத்தை வெறுமையாக விட்டால் படிவம் நகராது. தந்தை பெயரை இட்டால் பிறப்புச் சான்றிதழோடு முரண்படும்.

இது பொறியின் குறையன்று. படிவம் அமைப்போரின் சோம்பலே! ஒருங்குகுறியில் தமிழ் 1991-ஆம் ஆண்டே இடம்பெற்றுவிட்டது. வினாக்களைத் தமிழில் எழுதுவதும், குடும்பப் பெயரை விருப்பக் கட்டமாக்குவதும் சிறு வேலைகளே. மாணவர்தம் தலைப்பெழுத்தையும் தமிழில் எழுதுமாறு 2021-இல் தமிழ்நாட்டரசே ஆணையிட்டது. பெற்றோரே, தமிழ்ப் படிவம் கேளுங்கள்; மறுக்கும் பள்ளியில் எழுத்து வழி முறையிடுங்கள்!