இளகாத போல்ட்டும் இறங்காத அறிவும்



கை என்பது எழுதுவதற்கும் உண்பதற்குமே என்ற எண்ணம் அறிவியல் பயிலும் நம்மில் பலருக்கு ஊறிப்போயிருக்கிறது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. அதை மாற்றியது ஒரு போல்ட்டு.

எங்கள் வீட்டில் ஒரு பழைய அம்பாசிடர் உண்டு. அந்தக் காரின் உற்பத்தி 2014ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் அதன் ஓட்டம் நிற்கவில்லை. அண்மையில் அதன் தண்ணீர்ப் பம்பு ஒழுகத் தொடங்கியது. சில போல்ட்டுகளைக் கழற்றிப் புதிய பம்பை மாட்டுவதற்கு மெக்கானிக் எதற்கு என்று நானே இறங்கினேன். மற்றவை கழன்றன, ஒன்று மட்டும் அசையவில்லை. தண்ணீரும் கடற்காற்றும் சேர்ந்து அதைத் துருவால் பூட்டியிருந்தன. கையிலிருந்த 13 மில்லிமீட்டர் ஸ்பேனரை மாட்டி, மூச்சைப் பிடித்து இழுத்தேன். போல்ட்டு திரும்பவில்லை, ஸ்பேனர் வழுக்கிற்று. போல்ட்டுத் தலையின் முனைகள் மழுங்கின. என் விரல் மூட்டுகளும் உரிந்தன.

மறுநாள் சாலைக் கடைத்தெருவுக்குப் போனேன். திவான் ராஜா கேசவதாசர் 18ஆம் நூற்றாண்டில் அமைத்த அந்த அங்காடியில் மலையாளத்தோடு தமிழும் கலந்து ஒலிப்பதை நீங்கள் அறிவீர்கள்.

"இருப்பதிலேயே நீளமான ஸ்பேனர் ஒன்று கொடுங்கள், அண்ணாச்சி" என்றேன், இரும்புக்கடைப் பெரியவரிடம்.

"வண்டி என்ன வண்டி, தம்பி?"

சொன்னேன்.

"அதுக்கு இஞ்சு ஸ்பேனர்லா வேணும்!"

அந்த ஒரே சொல்லில் என் பிழை விளங்கிவிட்டது. அம்பாசிடர், இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் வழிவந்தது. அந்தப் பழைய என்ஜினின் போல்ட்டுகள் அங்குலக் கணக்கில் அமைந்தவை. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். எஞ்சிய 0.3 மில்லிமீட்டர் இடைவெளிதான் என் வலுவையெல்லாம் முனைகளின்மேல் ஏற்றி அவற்றைத் தேய்த்தது. நீண்ட ஸ்பேனர் கிடைத்திருந்தால் போல்ட்டையே முறித்திருப்பேன். முறிந்த துண்டு என்ஜினுக்குள் தங்கிவிட்டால், அதன் நடுவே துளையிட்டு, இடமரைக் கருவியைச் செலுத்தித் திருகி எடுக்க வேண்டும். துளை சற்று விலகினாலும் என்ஜினின் மரை கெட்டுவிடும்.

அண்ணாச்சி சொன்னபடியே செய்தேன். பெட்ரோல் குழாயை விலக்கிவிட்டுப் போல்ட்டின் தலையைச் சூடாக்கினேன். நன்றாக ஆறிய பின்னரே மண்ணெண்ணெயும் என்ஜின் எண்ணெயும் கலந்து விட்டு, சிறு சுத்தியலால் தட்டி, ஓர் இரவு அப்படியே விட்டுவைத்தேன். காலையில், தலையின் எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டை அரத்தால் அராவி, 11 மில்லிமீட்டர் ஸ்பேனர் இறுகப் பொருந்துமாறு செய்தேன். முதலில் இம்மியளவு இறுக்கும் பக்கம். பிறகு கழற்றும் பக்கம். கிறீச்சென்று ஓர் ஒலி! போல்ட்டு இளகிவிட்டது.

இதில் நான் படிக்காத அறிவியல் ஏதேனும் உண்டா? எஃகு ஒவ்வொரு பாகை வெப்பத்துக்கும் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 12 பங்கு விரியும். 8 மில்லிமீட்டர் தடிமனுள்ள போல்ட்டு 200 பாகை சூடேறினால் 0.02 மில்லிமீட்டர் விரியும். விரியும்போது துருவை நொறுக்கும். சுருங்கும்போது எண்ணெய்க்கு வழிவிடும். தேர்வுத்தாளில் நான் பலமுறை போட்ட கணக்குத்தான் இது. ஆனால் வண்டியின் முன் நின்றபோது கணக்கு வரவில்லை, முரட்டுத்தனமே வந்தது. அண்ணாச்சி சூத்திரம் எழுதிக் காட்டவில்லை, செய்முறை சொன்னார். எங்கள் இருவரில் அறிவியல் அறிந்தவர் யார்?

தமிழும் அவரிடமே வாழ்கிறது. மரை, வலமரை, இடமரை என்று எவ்வளவு இயல்பாகச் சொல்கிறார்! பக்கத்துக் கடை மலையாள நண்பர் அதையே 'பிரி' என்கிறார். கலைச்சொல் இல்லையே என்று ஏங்கும் நாம், அகராதியைப் புரட்டுமுன் சாலைக்கு ஒருமுறை நடந்து வரலாகாதா?

"நாம் ஆராய்ச்சி செய்ய வந்தவர்கள், பழுதுபார்க்க வந்தவர்கள் அல்லர்" என்று சிலர் கூறலாம். ஆய்வுக்கூடத்திலும் இறுகிய திருகுகள் உண்டு, நண்பர்களே. அங்கும் அவசரக்காரன் கைதான் கருவியைக் கெடுக்கிறது. பொறுமையை வெறும் நற்பண்பு என்று எண்ணியிருந்தேன். எண்ணெய் இறங்கவும் சூடு ஆறவும் ஆகும் நேரமே அது என்று இப்போது உணர்கிறேன்.

நம் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் புலவர்களையும் பேராசிரியர்களையும் அழைக்கிறோம், நன்று. வரும் ஆண்டில் ஒரு நாள், சாலையிலிருந்து ஒரு தொழிலாளரை அழைத்து, மேடையில் நாற்காலியிட்டு, அவர் செய்து காட்டுவதை நாம் கீழே அமர்ந்து கற்போம். மாலையோடு அனுப்பிவிட வேண்டாம். ஸ்பேனரை வாங்கி நாமும் ஒருமுறை திருகிப் பார்ப்போம். ஏட்டில் உள்ள அறிவு அப்போதாவது கைக்கு இறங்கட்டும்.