பஸ் டைம் பார்த்துட்டுதான் பாட்டு கேட்கப் போகணும்!

கொடைக்கானலில் இருந்துகொண்டு ஒரு ராக் பேண்டை நேரில் பார்க்க ஆசைப்பட்டால், முதலில் தேட வேண்டியது டிக்கெட் இல்லை... பஸ் டைம்! வளைந்து வளைந்து வத்தலக்குண்டுக்கு இறங்கி, கொடை ரோடு ஸ்டேஷனில் ரயிலைப் பிடித்து, ராத்திரி முழுக்கப் பயணம் செய்து சென்னைக்குப் போக வேண்டும். எப்படியும் 500 கிலோமீட்டர் இருக்கும். "அதான் எல்லாம் யூடியூப்லயே வருதே, இதுக்குப் போய் இவ்ளோ அலைச்சலா?" என்று வீட்டில் ஒரு குரல் நிச்சயம் வரும். நியாயமான கேள்விதான்.

அதற்கான பதில், 2018 ஜனவரி 6-ம் தேதி சனிக்கிழமை சாயங்காலம் சென்னை கீழ்ப்பாக்கத்தில் கிடைத்தது.

அது மார்கழி மாதம். சபாக்களில் சீசன் முடிகிற நேரம். அதற்கு இரண்டு மாதங்கள் முன்புதான், 2017 அக்டோபர் கடைசியில், யுனெஸ்கோ தன்னுடைய படைப்பாக்க நகரங்கள் பட்டியலில் சென்னையை இசைக்காகச் சேர்த்திருந்தது. ஆனால், 'சென்னையின் இசை' என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது சபாவும் தம்பூராவும்தான். வடசென்னையில் சாவு வீட்டு வாசலில் விடிய விடியப் பாடப்படும் கானா அல்ல.

அந்தக் கானாவைத்தான் அன்று நடுமேடையில் நிறுத்தினார்கள். இயக்குநர் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து உருவாக்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் முதல் நிகழ்ச்சி அது. மொத்தம் 19 பேர். அயோத்திதாசப் பண்டிதர் முன்வைத்த 'சாதியற்ற தமிழர்' என்ற எண்ணத்தில் இருந்து எடுத்த பெயர். எலெக்ட்ரிக் கிடாரும் டிரம்ஸும் இருந்தன. கூடவே பறை, சட்டி, கட்டமோளமும் இருந்தன. மேடையில் கோட் சூட்! கானா பாடுகிறவர் லுங்கியில்தான் வருவார் என்று சினிமா பழக்கிவைத்த கண்களுக்கு அதுவே பாதி பதில்.

பாடிய விஷயங்களும் லேசுப்பட்டவை இல்லை. இட ஒதுக்கீடு, மாட்டிறைச்சி... குடும்பத்தோடு சாப்பிட உட்காரும்போது பலரும் பேசத் தயங்குகிற சங்கதிகள். அதை ஆயிரக்கணக்கானோர் நின்றபடி கைதட்டிக் கேட்டார்கள். பின்னால் 'எஞ்சாயி எஞ்சாமி' மூலம் வீட்டுக்கு வீடு தெரிந்த அறிவு அந்த மேடையில் ராப் பாடியவர். குழுவில் இருந்த ஒரே பெண் குரல் இசைவாணி. கானா என்றாலே ஆண்கள் சமாசாரம் என்றிருந்த இடத்தில் இருந்து வந்த அவரை, 2020-ல் பிபிசி தன் 100 பெண்கள் பட்டியலில் சேர்த்தது.

சரி, இதையும் போனில் பார்த்துவிடலாமே? பார்க்கலாம். ஆனால் பாதிதான் கேட்கும். சும்மா சொல்லவில்லை. போனில் இருக்கும் ஸ்பீக்கர் விரல் நகம் அளவு. டிரம்ஸின் 'தும்' என்ற அடி ஒலியை உண்டாக்கும் அளவுக்கு அதனால் காற்றைத் தள்ள முடியாது. நேரில் அந்த ஒலி காதுக்கு மட்டும் வருவதில்லை. நெஞ்சுக்கூட்டிலும் காலுக்குக் கீழே தரையிலும் வந்து மோதும். பறையைத் தீயில் காய்ச்சி, தோலை விறைக்கவைத்து, சுருதி ஏற்றிவிட்டு அடிக்கும் முதல் அடி எப்படி இருக்கும் என்பது பக்கத்தில் நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

குழந்தைகளோடு, பெரியவர்களோடு போகிறவர்களுக்கு ஒரு விஷயம். மேடைக்கு முன்னால் இடம் பிடிக்க முட்டி மோத வேண்டாம். சவுண்டு இன்ஜினீயர் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நில்லுங்கள். அவர் காதுக்குக் கேட்பதை வைத்துத்தான் மொத்த ஒலியையும் சரிசெய்கிறார். அங்கேதான் பாட்டு தெளிவாகக் கேட்கும். இசை அரங்குகளில் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வரையறை சொன்னது. நம் ஊரில் அதை அளந்துகொண்டிருப்பார்கள் என்று நம்ப வேண்டாம். சின்னப் பிள்ளைகளுக்குக் காதடைப்பான் வாங்கிவிடுங்கள், விலை குறைவுதான்.

அதற்காகப் போன் திரையை மட்டம் தட்டவும் முடியாது. அதுவும் கொடைக்கானல்காரர்கள் முன்னால்!

2015 ஜூலை 30-ம் தேதி யூடியூபில் வந்த 'கொடைக்கானல் வோன்ட்' ஞாபகம் இருக்கிறதா? சென்னையைச் சேர்ந்த சோஃபியா அஷ்ரஃப், அமெரிக்கப் பாடகி நிக்கி மினாஜின் 'அனகோண்டா' மெட்டில் பாடிய ராப். கொடைக்கானலில் தெர்மாமீட்டர் தயாரித்துவந்த ஆலையின் பாதரசக் கழிவு மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் கிடந்ததும், 2001-ல் ஆலை மூடப்பட்டதும் மலைவாசிகளுக்குத் தெரிந்த கதை. வெளியூர்க்காரர்களுக்கோ கொடைக்கானல் என்றால் ஏரி, குதிரை, ஹோம்மேட் சாக்லேட். அந்தப் பாட்டு லட்சக்கணக்கான போன்களில் ஓடியது. மினாஜே அதை ட்விட்டரில் பகிர்ந்தார். 2016 மார்ச்சில் இந்துஸ்தான் யூனிலீவர், முன்னாள் தொழிலாளர்கள் 591 பேரின் தரப்போடு ஒப்பந்தம் செய்துகொண்டது. மனிதாபிமான அடிப்படையில் கொடுப்பதாகச் சொன்ன நிறுவனம், தொழிலாளர்களின் உடல்நலம் கெட்டதற்கு ஆலை காரணம் என்பதை ஏற்கவில்லை. வழக்கு நடத்தியவர்களுக்கு இதன் பின்னால் பல வருட அலைச்சல் இருக்கிறது. ஒரு பாட்டுதான் வாங்கிக்கொடுத்தது என்று சொன்னால் அவர்களுக்கு அநியாயம். அலைச்சல் அதோடு முடியவும் இல்லை. ஆலை நின்ற மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்வது என்ற சண்டை தொடர, 2018-ல் டி.எம்.கிருஷ்ணாவும் சேர்ந்து பாடிய இரண்டாவது வீடியோ வந்தது. கர்நாடக இசையும் ராப்பும் ஒரே பாட்டில்.

ஆக, இந்த மலைக்குச் சொந்தப் பாட்டு இருக்கிறது. கூட்டத்தில் தோளோடு தோள் உரசிக்கொண்டு கேட்கும் மேடைதான் தூரத்தில் இருக்கிறது.

கொஞ்சம் பக்கத்திலும் வந்திருக்கிறது. நீலம் பண்பாட்டு மையம் 2020 டிசம்பரில் சென்னையில் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை', அடுத்த வருடமே மதுரைக்கும் கோவைக்கும் போனது. மதுரை என்றால் கொடைக்கானலில் இருந்து ரயிலே தேவையில்லை, ஒரே பஸ். திரும்பி வருகிற பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் போகும்போதே கேட்டுவைத்துக்கொள்ள வேண்டும். நல்ல பேண்டுகள் எதுவும் சொன்ன நேரத்துக்கு முடிப்பதில்லை!