சட்டை தைத்தவனுக்கு ஏன் அடி?

பொலிவியா விஷயத்தில் அமெரிக்கா நடந்துகொண்டது எனக்கு அன்றும் நியாயமாகப் படவில்லை, இன்றும் படவில்லை.

1985-ல் அங்கே விலைவாசி ஆண்டுக்குப் பல ஆயிரம் சதவீதம் ஏறியது. கழுத்துவரை வெளிநாட்டுக் கடன். ஆகஸ்டில் அதிபர் பாஸ் எஸ்தென்சோரோ 21060 என்ற எண்ணுள்ள அரசாணையைப் போட்டார். விலைவாசி அடங்கியது, மறுக்கவில்லை. ஆனால் இரண்டே மாதத்தில் உலகச் சந்தையில் வெள்ளீயத்தின் விலை சரிய, அரசுச் சுரங்கங்களிலிருந்து 20,000-க்கும் மேற்பட்டவர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அரசாணைகளைப் படித்தே காலம் தள்ளிய குமாஸ்தா நான். ஆணையில் எத்தனை பத்தி இருந்தாலும், வேலை போனவன் எங்கே போவான் என்பதற்கு ஒரு பத்தி இருக்காது.

பலர் சப்பாரே காட்டுப் பகுதிக்குப் போனார்கள். அங்கே சீக்கிரம் காசு தருவது கோக்கா. வருஷத்துக்கு மூன்று, நான்கு முறை இலை பறிக்கலாம். காய்ந்த இலையை மூட்டை கட்டினால் வழியில் அழுகாது, வாழைக்குலை அப்படியா? 1988-ல் 1008-ஆம் சட்டம் வந்தது. பழைய பகுதிகளில் 12,000 ஹெக்டேர் வரை இருக்கலாம், சப்பாரேயில் பிடுங்கு என்றது.

இலை வேறு, கொக்கெயின் வேறு. ஆண்டிஸ் மலைக்காரர்கள் இலையைச் சாம்பலோடு மெல்லுவது நாம் சுண்ணாம்பு தடவி வெற்றிலை போடுகிற மாதிரிதான். (பிரான்சிலேயே அதை ஒயினில் ஊறவைத்து ‘மரியானி ஒயின்’ என்று விற்றார்கள். பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ அதற்குப் பதக்கமே கொடுத்தார்!) 1961 போதைப்பொருள் உடன்படிக்கையோ, மெல்லும் பழக்கத்தை 25 ஆண்டுகளில் ஒழிக்கச் சொன்னது. அதே உடன்படிக்கையில் கஞ்சா இலைக்கு விலக்கு உண்டு. நம் வடநாட்டு பாங்கு அப்படித்தான் பிழைத்தது.

சப்பாரே இலை முழுவதும் மெல்லத்தான் போகிறது என்று நான் சொல்லவில்லை. கடத்தலுக்கும் போகிறது. அதற்குக் கடத்தல்காரனைப் பிடிக்க வேண்டும். அமெரிக்கா செய்தது என்ன? போதை ஒழிப்பில் ஒத்துழைத்தால் சுங்கவரிச் சலுகை என்று 1991-ல் ஒரு சட்டம் போட்டது. ஒத்துழைப்பு போதவில்லை என்று 2008-ல் பொலிவியாவுக்கு அதை நிறுத்தியது. கடத்தல்காரன் என்ன, சுங்கச்சாவடியில் வரி கட்டுகிறவனா? அடி விழுந்தது எல் ஆல்ட்டோவில் ஏற்றுமதிக்குச் சட்டை தைத்தவர்களுக்கு. அதே வருஷம், கோக்கா விவசாயிகளின் தலைவராக இருந்து அதிபரான எவோ மொராலெஸ், அமெரிக்கப் போதைத் தடுப்பு அதிகாரிகளை வெளியேற்றினார்.

பிறகு பொலிவியா உடன்படிக்கையை விட்டே விலகி, இலை மெல்லும் உரிமையைத் தக்கவைத்துக்கொண்டு 2013-ல் மறுபடி சேர்ந்தது. 15 நாடுகள் ஆட்சேபித்தன, தடுக்க அது போதவில்லை. நான் பள்ளியில் படித்த மொழியின் தேசமும் அந்தப் பதினைந்தில் ஒன்று. மரியானி ஒயினை மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது.