எந்த நாளின் சட்டம்?

திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளிக்குச் செல்லும் பாதையில், கடலுக்கும் களப்புக்கும் அணித்தாய்க் கிடக்கிறது எங்கள் சாம்பல்தீவு. இச்சிற்றூரில் இருந்துகொண்டு பிரித்தானியாவின் குடிவரவு விதிகளைப் பற்றி எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று வாசகர் வினவக்கூடும். அண்மையில் ஒரு மாலைப்பொழுதில் என் வீட்டுத் திண்ணைக்கு வந்த அயலவர் ஒருவர் கேட்ட கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

அவருடைய மகன் 2024 செப்டெம்பரில் பட்டப் படிப்புக்காக இங்கிலாந்து சென்றவன். காணி உறுதி ஈட்டில் இருக்கிறது. தாயின் நகைகள் அடைவில் இருக்கின்றன. மூன்று ஆண்டு படிப்பு, அதன்பின் இரண்டு ஆண்டு வேலை, அவ்வேலையின் சம்பளத்தில் கடன் தீர்வது என்பதே அக்குடும்பம் போட்ட கணக்கு. கணக்கிலே பிழையில்லை. போட்ட நாளில் விதி அவ்வாறே இருந்தது. ஆனால், 2025 ஒக்டோபரில் வெளியான விதி மாற்றத்தின்படி, 2027 ஜனவரி முதலாந் திகதியும் அதன் பின்னரும் விண்ணப்பிக்கும் பட்டதாரிகளுக்கு வேலைக்கான காலம் 18 மாதங்களே. கலாநிதிப் பட்டம் பெறுவோர்க்கு மாத்திரம் மூன்று ஆண்டுக் காலம் மாறாதிருக்கும். இம்மாணவன் படிப்பை முடிப்பதோ 2027 நடுப்பகுதியில்.

"மாஸ்டர், அவன் போகேக்க ரெண்டு வருஷம் எண்டுதானே சொன்னவங்கள்? போன நாளில இருந்த சட்டமோ, முடிக்கிற நாளில இருக்கிற சட்டமோ?" என்று அவர் கேட்டார். சட்டக் கல்லூரி வாசலை மிதியாத அம்மனிதர் விடயத்தின் உயிர்நிலையையே தொட்டுவிட்டார் என்று எனக்குத் தோன்றிற்று.

ஆறு மாதந்தானே குறைந்தது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். பட்டம் பெற்றவனுக்கு முதல் நாளே வேலை கிடைப்பதில்லை. தேடுவதிலே சில மாதங்கள் கழியும். விண்ணப்பக் கட்டணமும், ஆண்டொன்றுக்கு 1,035 பவுண் சுகாதார வரியும் முன்னதாகவே கட்டவேண்டும். இவ்வனுமதியை நீடிக்கவும் இயலாது. அதன்பின்னரும் தங்கி உழைக்க விரும்புவோன், தன்னைப் பொறுப்பேற்கும் தொழில் நிறுவனம் ஒன்றைக் கண்டடைந்து, குறித்த சம்பளத்தையும் பெறல் வேண்டும். அச்சம்பள வரம்பு 2024 ஏப்ரிலில் ஆண்டுக்கு 26,200 பவுணிலிருந்து 38,700 ஆகவும், 2025 யூலையில் 41,700 ஆகவும் உயர்ந்தது. புதிதாகத் தொழில் புகுவோர்க்குரிய சலுகை வரம்பும் 33,400 ஆயிற்று. ஆகவே, ஒருபுறம் காலம் சுருங்கியது. மறுபுறம் ஏணியின் அடுத்த படி உயர்ந்தது. இரண்டும் அவன் படித்துக்கொண்டிருந்தபோதே நிகழ்ந்தன.

இது முதன்முறையன்று. படிப்பின் பின் இரண்டு ஆண்டு வேலை செய்யும் வழியொன்று அந்நாட்டில் முன்னரும் இருந்தது. 2012 ஏப்ரிலில் அதனை மூடினர். 2019 இல் மீண்டும் திறப்பதாக அறிவித்து, 2021 யூலை முதலாந் திகதி திறந்தனர். நான்கு ஆண்டுகளில் அதனையே குறைக்கத் தலைப்பட்டனர். 2030 அளவில் ஆறு இலட்சம் வெளிநாட்டு மாணவர் என்ற இலக்கை 2019 இல் வகுத்ததும் அதே நாட்டின் அரசாங்கமே. குறித்த ஆண்டுக்கு நெடுங்காலம் முன்னதாகவே அவ்விலக்கு எட்டப்பட்டது. உள்நாட்டு மாணவரின் கட்டணத்துக்கு இங்கிலாந்திலே உச்சவரம்பு உண்டு. வெளிநாட்டு மாணவரின் கட்டணத்துக்கு அத்தகைய வரம்பில்லை. அழைத்தவர் யார், வந்தவர் யார், செலுத்தியவர் யார் என்பதை எண்ணிப் பார்த்தால், இது வெறும் தயவு பற்றிய வழக்கன்று என்பது விளங்கும்.

ஏனைய நாடுகளின் நிலை என்ன? அமெரிக்காவிலே பட்டதாரிக்கு 12 மாதங்கள். விஞ்ஞானம், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் பயின்றோர்க்கு மேலும் 24 மாதங்கள். முதல் 12 மாதங்களில் மொத்தமாக 90 நாட்களுக்கு மேல் வேலையின்றி இருத்தலாகாது. அவுஸ்திரேலியா 2024 யூலையில் இவ்வனுமதிக்கான வயதெல்லையை 50 இலிருந்து 35 ஆக இறக்கியபோது, ஆராய்ச்சிப் பட்டம் பெறுவோர் போன்ற சிலர்க்கு விலக்களித்ததாயினும், பாதிப் படிப்பில் நின்ற வேறு பலர் திகைத்துப் போயினர்.

கனடாவின் செய்கையோ ஒரே நாளில் இருவிதமாக அமைந்தது. 2024 நவம்பர் முதலாந் திகதி முதல் வேலை அனுமதி கேட்கும் பட்டதாரி மொழித் தேர்ச்சி காட்டவேண்டும் என்று விதித்தபோது, ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்தோரையும் அதில் அடக்கிற்று. ஆனால், பட்டமல்லாத கல்லூரிப் படிப்புகள் குறித்த துறைகளில் அமைதல் வேண்டும் என்ற விதியை, அந்நாள் முதல் படிப்பு அனுமதிக்கு விண்ணப்பித்தோர்க்கே உரியதாக்கிற்று. முன்னரே புறப்பட்டவனை அவன் புறப்பட்ட நாளின் விதியே காத்தது. ஆகவே, அயலவர் கேட்ட கேள்விக்கு நேர்மையான விடை கூறுதல் அரசாங்கங்களுக்கு இயலாத காரியமன்று. மனம் இருந்தால் ஒரு வரியிலே எழுதிவிடக்கூடிய காரியமே அது.

இக்கேள்வி எமக்குப் புதியதுமன்று. 1956 இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது, அதற்கு முன்னரே அரசாங்க சேவையிற் சேர்ந்திருந்த தமிழ் உத்தியோகத்தர்கள் இதனையே கேட்டனர். 1952 இல் எழுதுவினைஞராகச் சேர்ந்த கோடீஸ்வரன், சிங்களத் தேர்ச்சி இல்லையென்று 1962 இல் தம் சம்பள உயர்வு நிறுத்தப்பட்டபோது நீதிமன்றம் சென்றார். 1964 இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்த்தது. 1967 இல் உயர்நீதிமன்றம், அரசாங்க ஊழியன் சம்பளத்துக்காக வழக்காட இயலாதென்று அதனைப் புரட்டிற்று. 1969 இல் இலண்டனிலுள்ள கோமறைக் கழகம் வழக்காட உரிமையுண்டென்று கூறிற்று. மொழிச் சட்டம் செல்லுமா என்ற மூலக் கேள்வியையோ தீர்க்காமலே விட்டது. சேர்ந்த நாளின் நிபந்தனை பின்னாளிலே மாற்றப்படலாமா என்று இலண்டன் வரை சென்று கேட்ட சமூகத்தின் பேரப்பிள்ளைகள், இன்று அதே இலண்டனில் வேறொரு வடிவில் அதனையே கேட்டு நிற்கிறார்கள்.

ஒப்புமையை அளவுக்கு மிஞ்சி நீட்டுதல் நியாயமன்று. கோடீஸ்வரன் இந்நாட்டின் பிரசை. எங்கள் மாணவனோ அந்நாட்டின் விருந்தினன். தன் வாசலில் யாரை எத்தனை நாள் இருத்துவதென்று தீர்மானிக்கும் உரிமை எந்நாட்டுக்கும் உண்டு. இவ்வனுமதி பெற்றோருட் பலர் பட்டத்துக்கேற்ற தொழிலைச் சேரவில்லை என்று பிரித்தானிய அரசாங்கம் கூறும் காரணமும் தள்ளத்தக்கதன்று. இனி வருவோர்க்கு 18 மாதம் என்று அறிவித்தால் எவரும் குறைகூற இயலாது. வருபவன் கணக்குப் பார்த்து வருவான், அன்றி வாராதிருப்பான். ஏற்கெனவே கட்டணத்தை வாங்கிக்கொண்டு, வந்தவன் திரும்ப இயலாத நடுவழியில் நிற்கும்போது அளவைக் குறைப்பதே தவறு. கடைக்காரன் பணத்தை வாங்கியபின் படியை மாற்றினால் எங்கள் சந்தையில் அதற்கு வேறு பெயர் உண்டு.

எமது பக்கத்திலும் ஒரு குறை இருக்கிறது. போர்க்காலத்திலே பாஸ் இன்றிக் கடலில் இறங்க இயலாதிருந்த இக்கரையோர மக்களுக்கு, அனுமதி வேறு உரிமை வேறு என்பதை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. இருந்தும், பிள்ளையைச் சீமைக்கு அனுப்பும்போது அப்பாடத்தை மறந்துவிடுகிறோம். முகவர் காட்டும் வண்ணத்தாளிலே பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறது. வேலை அனுமதியைக் கொடுப்பது பல்கலைக்கழகமன்று, அரசாங்கம் என்பது அதிலே பெரிய எழுத்தில் இருப்பதில்லை. 2022 இல் எமது ரூபாய் சில வாரங்களிலேயே டொலருக்கு 200 என்ற அளவிலிருந்து 360 வரை வீழ்ந்ததைக் கண்ட பின்னரும், கடனை நிச்சயமாகவும் வருமானத்தை அதனிலும் நிச்சயமாகவும் எழுதிக் கணக்கு முடிக்கிறோம். அனுப்பத்தான் வேண்டுமாயின், படிப்பின் பின் ஒரு நாளேனும் அங்கு வேலை செய்ய விடமாட்டார்கள் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். அப்போதும் காணி மிஞ்சுமாயின் உறுதியை எடுத்துக் கொடுங்கள்.

அன்று அயலவருக்கு நான் சொன்ன விடை, "முடிக்கிற நாளின் சட்டந்தான்" என்பதே. அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு, ஈட்டின் தவணை எப்போது முடிகிறதென்று விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். அக்கடன் பத்திரத்திலே வட்டியும் தவணையும் கையெழுத்திட்ட நாளின்படியே இருக்கின்றன. அவற்றை மாற்ற எவரும் முன்வரவில்லை.