கீசர் வெளியே, அடுப்பு உள்ளே

பாத்ரூமுக்குள் கேஸ் கீசர் மாட்டித் தரச் சொல்லி யார் கூப்பிட்டாலும் நான் போவதில்லை. கோவையில் கேஸ் அடுப்பு பழுது பார்த்துப் பிழைக்கிறவன், மார்கழியில் தேடிவரும் வேலையைத் தட்டிக்கழிப்பது வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. கூலியும் அடுப்பு வேலையைவிட அதிகம். இருந்தாலும் போவதில்லை.

காரணம் ஒரு சின்னக் கணக்கு. நிமிடத்துக்கு 6 லிட்டர் வெந்நீர் கொட்டும் கீசர், அடுப்பில் நான்கைந்து பர்னர்களைச் சேர்த்து எரித்த அளவுக்குக் கேஸைக் குடிக்கும். மணிக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. ஒரு கிலோ கேஸ் ஒழுங்காக எரிய 12, 13 கன மீட்டர் காற்று வேண்டும். ஐந்தடிக்கு ஆறடி, ஒன்பதடி உயரமுள்ள பாத்ரூமில் இருக்கிற காற்றே மொத்தம் 8 கன மீட்டர் தேறாது. குளிருக்குப் பயந்து வென்டிலேட்டரையும் அட்டை வைத்து அடைத்துவிட்டுப் பத்து நிமிடம் குளித்தால், உள்ளே இருக்கும் பிராணவாயுவில் கால் பங்கு தீர்ந்துபோகும். குளித்தவர் வெளியே வந்ததும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை உள்ளே போகும். காற்று போதாத நெருப்பு அரைகுறையாக எரியும். அப்போது வருவதுதான் கார்பன் மோனாக்சைடு.

சிலிண்டர் கேஸுக்கு இயல்பில் வாசனை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைச் சேர்த்து அனுப்புகிறார்கள். ஆனால் எரிந்த பிறகு உண்டாகிற இந்த விஷத்துக்கு யார் நாற்றம் சேர்ப்பது? கண் எரியாது, இருமல் வராது. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இதைப் பிடித்துக்கொள்ளும். தலை கிறுகிறுத்து, கால் துவண்டு, தாழ்ப்பாளுக்குக் கை எட்டுவதற்குள் ஆள் விழுந்துவிடுவார். ஈரத்தரையில் வழுக்கி விழுந்துவிட்டதாகத்தான் வெளியே இருப்பவர்கள் முதலில் நினைப்பார்கள்.

வடவள்ளியில் ஒரு அம்மா என்னை விடவில்லை. “ஏனுங்க, கரண்ட் கீசர் வெச்சா பில்லு எகிறுதுங்க. கேஸ்தானுங்க சல்லிசு. எக்ஸாஸ்ட் ஃபேன்தான் இருக்குதுங்களே?” ஃபேன் காற்றை வெளியே தள்ள வேண்டுமானால், வேறொரு வழியாகக் காற்று உள்ளே வர வேண்டும். அடியில் இடைவெளி இல்லாத கதவைச் சாத்தினால் அந்த வழி அடைபட்டுப்போகிறது. அதுவும் போக, சோப்புப் போட்டு நிற்கும்போது மேலே குளிர்காற்றை இழுக்கும் ஃபேனை யார் ஓட விடுகிறார்கள்? பெட்டியோடு வரும் கையேட்டிலேயே காற்றோட்டம் உள்ள இடத்தில் மாட்டச் சொல்லித்தான் போட்டிருக்கும். பெட்டியைக் குப்பையில் போடும்போது அதையும் சேர்த்துப் போட்டுவிடுகிறோம். அந்த அம்மாவுக்குப் பின்கட்டில், துணி துவைக்கிற இடத்தில் கீசரை மாட்டி, பைப்பை மட்டும் சுவர் வழியே உள்ளே விட்டுக்கொடுத்தேன். சுவரைத் துளைத்த செலவுக்கு ஒரு வாரம் முணுமுணுத்தார்.

இதைப் படித்துவிட்டு, கேஸே கூடாது என்று பேசுகிற கூட்டத்தில் என்னைச் சேர்த்துவிடாதீர்கள். பருத்திமாரும் விறகும் எரித்த அடுப்பில் என் அம்மா சமைத்தார். நாற்பது வயதில் அவருக்கு வந்த இருமல் கடைசிவரை போகவில்லை. 2007-இல் தமிழக அரசு ஏழை வீடுகளுக்கு இலவசமாக அடுப்பும் இணைப்பும் கொடுத்தபோது, முதல் தடவை பற்றவைக்கப் பயந்து, கையை நீட்டி முகத்தைத் திருப்பிக்கொண்ட பெண்களை எனக்குத் தெரியும். கேஸ் அடுப்பிலும் நைட்ரஜன் டை ஆக்சைடு வருகிறது, அது ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு ஆகாது என்பதெல்லாம் உண்மைதான். அதற்கு ஜன்னலைத் திறந்துவைத்துச் சமைக்கச் சொல்வேன். விறகுப் புகையோடு அதை ஒரே தட்டில் வைத்து நிறுக்க மாட்டேன்.

இண்டக்‌ஷன் அடுப்பு சிக்கனம் என்கிறார்கள். 14.2 கிலோ சிலிண்டரில் இருக்கும் சூடு ஏறக்குறைய 180 யூனிட் கரண்டுக்குச் சமம். நல்ல அடுப்பில்கூட அதில் மூன்றில் இரண்டு பங்குதான் பாத்திரத்துக்குப் போய்ச் சேரும். அதே சமையலை இண்டக்‌ஷனில் முடிக்க 140 யூனிட் போல ஆகும். சிலிண்டர் விலையையும் உங்கள் வீட்டு யூனிட் கட்டணத்தையும் வைத்து நீங்களே பெருக்கிப் பாருங்கள். 2016-இல் வந்த இலவச 100 யூனிட்டை ஃபிரிட்ஜும் ஃபேனுமே தின்றுவிடும்; இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டுகிற வீட்டுக்குக் கட்டணம் ஒரேயடியாக ஏறும். அலுமினிய இட்லிக் குண்டான் இண்டக்‌ஷனில் சூடாகாது. தோசைக்கல் சூடாகும், ஆனால் நடுவில் கருகி ஓரத்தில் மாவாக நிற்கும். கத்தரிக்காய் சுட முடியாது. பால், டீ, வெந்நீருக்கு ஒற்றை இண்டக்‌ஷன் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். நம் நாட்டு கேஸில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருவது. வளைகுடாவில் ஏதாவது என்றால் இங்கே சிலிண்டர் தாமதமாகும். அன்றைக்கு அந்த இண்டக்‌ஷன் கை கொடுக்கும்.

அடுப்படியில் எனக்குக் கவலை தருவது மாடுலர் கிச்சன் அலமாரிதான். சிலிண்டர் அசிங்கமாகத் தெரிகிறதாம். மேடைக்கு அடியில் வைத்துக் கதவு போட்டு மூடிவிடுகிறார்கள். இந்த கேஸ் காற்றைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம். கசிந்தால் மேலே எழும்பாது. தரையோடு தரையாகப் படரும். அலமாரியின் அடிமட்டத்தில் துளை இல்லாவிட்டால் உள்ளேயே தேங்கி நிற்கும். எலி கடித்த டியூப்களை நான் மாற்றாத மாதம் இல்லை. ஆரஞ்சு நிற சுரக்‌ஷா டியூபுக்கு ஆயுள் ஐந்து வருடம்; பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் மாற்றிவிட வேண்டும். கதவுக்குப் பின்னால் இருக்கும் டியூபை யார் குனிந்து பார்க்கிறார்கள்?

விடிகாலையில் நாற்றம் வந்தால் நம் கை தானாகப் போவது சுவிட்சுக்குத்தான். லைட்டையும் போடாதீர்கள், எக்ஸாஸ்ட் ஃபேனையும் போடாதீர்கள். ஓடிக்கொண்டிருப்பதை அணைக்கவும் வேண்டாம், அணைக்கும்போதும் பொறி தெறிக்கும். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே போய் 1906-க்குக் கூப்பிடுங்கள்.

தெருத்தெருவாகப் பள்ளம் தோண்டிக் குழாயில் கொண்டுவருகிறார்களே, அது வேறு கேஸ். காற்றைவிட லேசானது, கசிந்தால் கூரைப்பக்கம் போகும். அதற்கு மாறும்போது அடுப்பின் ஜெட்டை மாற்றியாக வேண்டும். துளை பெரிதாக இருக்கும். அந்த ஜெட்டோடு அடுப்பைத் திரும்பவும் சிலிண்டரில் மாட்டினால் தீ புருவத்தைத் தீய்த்துவிடும். வீடு மாறுகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

மறுபடியும் கீசருக்கு வருகிறேன். கடைக்காரர்களைச் சொல்லிப் பயனில்லை, அவர்கள் பெட்டியை விற்பார்கள். வீடு கட்டுகிறவர்களிடம்தான் கேட்கிறேன். ஏசிக்கு ஓட்டை, வாஷிங் மெஷினுக்குக் குழாய், டிவிக்கு ஒயர் என்று எல்லாம் வரைபடத்திலேயே போடுகிறீர்கள். யுடிலிட்டி பால்கனியில் ஒரு தண்ணீர் இணைப்பு, அங்கிருந்து பாத்ரூமுக்கு ஒரு வெந்நீர் பைப் சேர்த்துப் போட்டால் பெரிய செலவு ஆகாது. பூச்சு வேலைக்கு முன்னால் என்றால் அரை நாள் வேலை. டைல்ஸ் ஒட்டிய பிறகு சுவரை உடைக்கச் சொன்னால், வடவள்ளி அம்மா மாதிரி எத்தனை பேர் ஒத்துக்கொள்வார்கள்?