வலி அவளுடையது, கணக்கு யாருடையது?

மாரடைப்பு ஆம்பளைங்க நோய் என்றே மருத்துவ உலகம் ரொம்ப காலம் நம்பிக்கிட்டிருந்தது. ஆஸ்பிரின் மாத்திரை மாரடைப்பைத் தடுக்குமா என்று 1980களில் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. கலந்துகொண்ட 22,071 பேரும் ஆண் டாக்டர்கள். பேருக்குக்கூட ஒரு பெண் இல்லை. அந்த நாட்டில் பெண்களை அதிகம் காவு வாங்குவதோ இதய நோய்தான்.

பெண்கள் சும்மா இருக்கவில்லை. மாரடைப்பிலிருந்து பிழைத்த மூன்று பெண்கள் 1999இல் 'விமன்ஹார்ட்' அமைப்பைத் தொடங்கினார்கள். 2004இல் அமெரிக்க இதயச் சங்கம் 'கோ ரெட் ஃபார் விமன்' இயக்கத்தைத் தொடங்கியது. சிவப்பு உடை நாடெங்கும் அடையாளமானது. சந்தோஷம். ஆனால் விளைவு? தங்களை அதிகம் கொல்வது இதய நோய் என்று அறிந்திருந்த பெண்கள் 2009இல் 65 சதவீதம். 2019இல் 44 சதவீதம். கறுப்பினப் பெண்கள், ஹிஸ்பானிக் பெண்கள், இளம்பெண்கள் மத்தியில்தான் சரிவு அதிகம். எல்லாப் பெண்களுக்கும் என்று சொன்ன சேதி யார் வீட்டு வாசலோடு நின்றுபோனது?

'பெண்' என்று பொதுவாகப் பேசினால் கடைசியில் நிற்பவள் காணாமல் போவாள். 1999இல் வெளியான இன்னொரு ஆய்வைப் பாருங்கள். நடிகர்கள் நோயாளிகளாகப் பேசிய படத்தை 720 டாக்டர்களிடம் போட்டுக் காட்டினார்கள். ஒரே உடை, ஒரே நெஞ்சுவலி, ஒரே வசனம். இருந்தும் இதயக் குழாய்ப் பரிசோதனைக்குக் கறுப்பினப் பெண்ணை அனுப்பச் சொன்னவர்கள்தான் குறைவு. வலி ஒன்று, அதை நம்புவதில் இத்தனை பாகுபாடு!

2020இல் அமெரிக்க மருத்துவச் சங்கம், இதயச் சங்கம், கறுப்பின இதய மருத்துவர்கள் சங்கம், கறுப்பினப் பெண்களின் பத்திரிகையான 'எசென்ஸ்' முதலியவை கைகோத்து, ரத்த அழுத்தம் பற்றிக் கறுப்பினப் பெண்களோடு பேச ஓர் இயக்கம் தொடங்கின. இதை நான் வரவேற்கிறேன். பாதிக்கப்பட்டவங்க சபையில உக்காந்தாதான் அதுக்குப் பேரு கூட்டணி. ஆனாலும் ஒரு கேள்வி பாக்கியிருக்கு. 'உன் அழுத்தத்தை நீயே அளந்துக்கோ' என்று அவளிடம் சொல்கிறோம், சரி. அவள் சொல்வதை நம்பாத டாக்டரை யார் அளப்பது? அவள் கூலியை, இன்சூரன்ஸை, லீவு கிடைக்காத வேலையை யார் அளப்பது?

அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகள் இலவச மருத்துவ நிலையங்களை நடத்தியவர்கள். அவர்கள் பெயரைத்தான் 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் எடுத்துக்கொண்டார்கள். மருத்துவத்தை அவர்கள் தர்மமாகக் கேட்கவில்லை. உரிமை என்றார்கள்.

தொண்டு நிறுவனங்கள் சேரட்டும். நிதியும் சேரட்டும். அது எங்கே போகணும் என்று தீர்மானிக்கிற மேசையில் வலிக்கிறவள் உட்காரட்டும். மூச்சு வாங்குது, முதுகு வலிக்குது, தாடை இழுக்குது என்று அவள் சொன்னால் அதுவும் மாரடைப்பாக இருக்கலாம். முதலில் அதை நம்பக் கற்றுக்கொள்வோம்.

– ஆசிரியர்